வேரில் விளையும் கனிமம்: உமிக்கரி மண்ணுக்குள் செய்யும் வேலை நுண்ணோக்கியில் எப்படித் தெரிகிறது?

ஜார்ஜ்டவுன் - பினாங்கு சூலியா தெருவில் பொழுது சாய்ந்ததும் சாலையோரக் கடைகள் களைகட்டும். சில கடைகளில் இன்றும் கரி அடுப்புதான். அதே தெருவில் கடைவீடுகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் கறிவேப்பிலை, பாண்டான், ஆர்க்கிட் என்று தொட்டிச் செடிகள் வரிசையாக நிற்கும். ஆர்க்கிட் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்குப் பதில் கரித்துண்டுகளைக் காணலாம். வேர்கள் அந்தக் கரியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

உமிக்கரியும் உப்பும் சேர்த்துப் பல் துலக்கிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அடுப்பில் மிஞ்சிய கரியையும் சாம்பலையும் வாழைக்கும் கத்தரிக்கும் போடுவது தோட்டப்புற லயன் வீடுகளில் பழக்கமாக இருந்தது. அதே கரிக்கு இன்று பயோசார் என்ற பெயரும் விலையும் வந்திருக்கின்றன. தமிழில் உயிர்க்கரி என்கிறார்கள். இந்தக் கரி கலந்த மண்ணில் வளரும் வேரை நுண்ணோக்கியில் பார்த்தால் வேரின் மேலும் உள்ளும் சின்னஞ்சிறு கனிமப் படிவுகள் தெரிகின்றன. அவை எவை, எப்படி உருவாகின்றன, பயிருக்கு நல்லதா என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

உயிர்க்கரி என்பது என்ன?

மரம், உமி, தேங்காய்ச் சிரட்டை, செம்பனைக் குலை போன்றவற்றைக் காற்று அதிகம் புகாமல் சூடாக்கினால் அவை சாம்பலாகாமல் கரியாகும். பொதுவாக 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இது நடக்கிறது. மண்ணில் இடுவதற்காக இவ்வாறு செய்யப்படும் கரியே உயிர்க்கரி. பேராக் மாநிலத்தின் கோலா செப்பத்தாங்கில் அலையாத்தி மரங்களைச் சூளையில் வைத்துக் கரியாக்கும் முறையும் அடிப்படையில் இதுதான். அங்கு செய்வது அடுப்புக்கு, இது மண்ணுக்கு.

கரியும் சாம்பலும் ஒன்றல்ல. சாம்பலில் கரிமம் ஏறக்குறைய எரிந்துபோய், கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம், சிலிக்கா போன்றவை மட்டும் மிஞ்சும். கரியில் கரிமச் சட்டகம் அப்படியே நிற்கும். சாம்பல் சத்துகள் அதன் துளைகளில் ஒட்டியிருக்கும். தாவரத்தில் நீர் ஓடிய குழாய்களே கரியில் துளைகளாக மிஞ்சுகின்றன. வேர்த்தூவி ஒன்றின் தடிமன் சுமார் 10 மைக்ரோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு இருக்கலாம். மரக்கரியின் பெரிய துளைகள் அதைவிட அகலமானவை. ஆகவே வேர்த்தூவி கரிக்குள் நுழைய முடியும். நுண்ணோக்கிப் படங்களில் அது தெளிவாகத் தெரிகிறது.

கரி மண்ணை வளமாக்கும் என்பதற்கு உலகம் காட்டும் பழைய சான்று, தென்னமெரிக்காவின் அமேசான் காட்டில் உள்ள 'டெர்ரா பிரேட்டா' என்ற கரிய மண். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் விட்டுச்சென்ற கரியும் எலும்பும் உணவுக் கழிவும் சேர்ந்து உருவான மண் அது. சுற்றியுள்ள மண் சத்தற்றுக் கிடக்க, அந்த மண் மட்டும் பல நூறு ஆண்டுகள் கழித்தும் வளமாக இருக்கிறது. அமேசானில் பெய்வதும் நம் நாட்டில் பெய்வதும் ஒரே மாதிரியான வெப்பமண்டல மழை. அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு அதுவே காரணம்.

வேரை எப்படிப் பார்க்கிறார்கள்?

பள்ளி அறிவியல் கூடத்தில் இருக்கும் ஒளி நுண்ணோக்கி பொதுவாக 40 முதல் 400 மடங்கு வரை பெரிதாக்கும். வேர்த்தூவி, வேரின் உட்கட்டு, பெரிய படிகங்கள் ஆகியவற்றைக் காண அது போதும். கனிமப் படலத்தைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். இதில் ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றை வேரின் மேல் பாய்ச்சப்படுகிறது. பல்லாயிரம் மடங்கு பெரிதாகிய படம் திரையில் விழும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற பெரிய கல்விக் கூடங்களில் இந்தக் கருவி உண்டு.

எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்திலிருந்து எக்ஸ்-கதிர் வெளிப்படும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் விடும். அதை அளந்தால் அந்தப் புள்ளியில் இரும்பு இருக்கிறதா, சிலிக்கான் இருக்கிறதா, கால்சியம் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஆனால் இது தனிமத்தைத்தான் சொல்லும். இரும்பும் ஆக்ஸிஜனும் இருப்பது தெரிந்தாலும், அவை சேர்ந்து எந்தக் கனிமமாக இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு போன்ற வேறு சோதனைகள் தேவை.

வேரைத் தயார் செய்வதிலும் கவனம் வேண்டும். ஈரமான வேரை வெயிலில் காயவைத்தால் அதிலுள்ள நீர் ஆவியாகி, கரைந்திருந்த உப்புகள் படிகமாகிவிடும். அந்தப் படிகம் செடி உயிரோடு இருந்தபோது இருந்ததல்ல, காயும்போது வந்தது. இதைத் தவிர்க்க வேரை உறையவைத்து, உறைந்த நிலையிலேயே நீரை நீக்குகிறார்கள். உட்புறத்தைக் காண வேரைப் பிசினில் பதித்து மெல்லிய சீவல்களாக வெட்டுகிறார்கள். கரி போடாத மண்ணில் வளர்ந்த வேரையும் அதே முறையில் பார்த்து ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

முதல் காட்சி: நெல் வேரின் செம்படலம்

தண்ணீர் நிற்கும் வயலில் நாற்றைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும்: புது வேர் வெள்ளையாகவும் முதிர்ந்த வேர் துருப்பிடித்தது போலச் செம்பழுப்பாகவும் இருக்கும். அது உண்மையிலேயே ஒருவகைத் துருதான். வெள்ள மண்ணில் ஆக்ஸிஜன் இல்லாததால் இரும்பு நீரில் கரைந்த நிலையில் இருக்கும். நெல் தன் தண்டிலுள்ள காற்றுத் திசு வழியாக ஆக்ஸிஜனை வேருக்கு இறக்குகிறது. அதில் ஒரு பகுதி வேரிலிருந்து வெளியே கசியும். கசிந்த ஆக்ஸிஜனைச் சந்தித்த இரும்பு உடனே ஃபெரிஹைட்ரைட், கோதைட் போன்ற இரும்புக் கனிமங்களாக மாறி வேரின் மேல் படிகிறது.

இந்தப் படலம் வேருக்கு வாயிற்காவலன் மாதிரி. மண்ணில் ஆர்செனிக் போன்ற நச்சு இருந்தால் அதைப் பிடித்து நிறுத்தும். பாஸ்பரஸையும் அது பிடித்து வைக்கும். அளவாக இருந்தால் வேருக்கு அருகில் சத்துச் சேமிப்பு. மிஞ்சினால் சத்துக்கு முட்டுக்கட்டை.

கரி இட்ட மண்ணில் இந்தப் படலம் எப்படி மாறுகிறது என்பதை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஜோசப்பும் சீனாவின் நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அடங்கிய குழு ஆராய்ந்தது. கரியும் களிமண், இரும்பு போன்ற கனிமங்களும் சேர்த்துச் செய்த உரத்தை நெல் நாற்றுக்கு இட்டுப் பார்த்த அந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. வேருக்கும் அதைச் சுற்றிய மண்ணுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு மாறுவதையும், அதனால் வேர் குறைந்த ஆற்றலில் சத்துகளை உள்ளிழுக்க முடிவதையும் அக்குழு விளக்கியது. கரி எலக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் வல்லது. வேரின் மேல் இரும்பு கரைவதும் படிவதும் இந்த எலக்ட்ரான் பரிமாற்றத்தைச் சார்ந்தவை. ஆகவே, கரியிலுள்ள சத்து மட்டுமே இதற்குக் காரணமல்ல. கரியின் மின்குணத்துக்கும் அதில் பங்குண்டு.

இரண்டாம் காட்சி: உமியிலிருந்து வரும் சிலிக்கா

நெல் உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதுவே. உமிக்கரி பல்லைத் தேய்த்ததும் இதனால்தான்.

நெல்லும் கரும்பும் சோளமும் மண்ணிலிருந்து சிலிக்கானை விரும்பி உறிஞ்சும் பயிர்கள். நெல் வேரில் சிலிக்கானை உள்ளே கடத்தும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டுபிடித்து அறிவித்தார்கள். உள்ளே போன சிலிக்கான் இலையிலும் உமியிலும் கண்ணாடித் துகள்களாகப் படிகிறது. நெல் தாள் கையைக் கீறுவதற்கும், சிலிக்கான் நிறைந்த நெல் பூச்சிக்கும் குலைநோய்க்கும் எளிதில் பணியாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். சோளத்தின் வேரில் அகத்தோல் என்ற உள்வளையச் செல்களின் சுவரில் சிலிக்கா முத்துகள் வரிசையாகப் படிவதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுகிறது.

உமிக்கரி இட்டால் அதிலுள்ள சிலிக்கா மெல்ல மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. இங்கு சூட்டின் அளவு முக்கியம். மிதமான சூட்டில் கருகிய உமியின் சிலிக்கா ஒழுங்கற்ற நிலையில் இருப்பதால் கரையும். மிகக் கடுமையான சூட்டில் வெண்சாம்பலாகும்வரை எரித்தால் அது கிரிஸ்டோபலைட் என்ற கெட்டிப் படிகமாக மாறலாம். அது எளிதில் கரையாது. அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலுக்கும் கேடு. உமிக்கரியாக இருந்தாலும் சாம்பலாக இருந்தாலும் கையாளும்போது நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

மூன்றாம் காட்சி: கால்சியம் ஊசிகள்

சேப்பங்கிழங்கை அரைவேக்காட்டில் தின்றால் தொண்டை அரிக்கும். அதற்குக் காரணம் கால்சியம் ஆக்ஸலேட் என்ற ஊசிப் படிகங்கள். பல தாவரங்களின் வேரிலும் தண்டிலும் இலையிலும் இவை உண்டு. தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைச் செடி இப்படிப் படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. கரியிலுள்ள சாம்பல் சத்தில் கால்சியம் இருப்பதால், கரி மண்ணில் வளர்ந்த வேரைப் பார்ப்பவர்கள் இந்தப் படிகங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வேரின் வெளியே ஒட்டியிருக்கும் வெண்துகள் சுண்ணாம்பாகவும், அதாவது கால்சியம் கார்பனேட்டாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியப் பழைய முறை ஒன்று உண்டு. வேர்ச் சீவலின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட வேண்டும். குமிழி கிளம்பிக் கரைந்தால் அது கார்பனேட். கரையாமல் நின்றால் ஆக்ஸலேட்டாக இருக்கலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் அறிவியல் கூடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

கரியின் மேலும் ஒரு தோல்

கனிமம் வேரில் மட்டும் படிவதில்லை. கரித்துண்டின் மேலும் படிகிறது. மண்ணுக்குள் போன சில மாதங்களில் அதன் மேல் களிமண், இரும்பு, அலுமினியம், பாஸ்பரஸ், மக்கிய கரிமப் பொருள் எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. வேர் சுரக்கும் சிட்ரிக், மாலிக், ஆக்ஸாலிக் அமிலங்கள் கரியிலுள்ள கனிமத்தைக் கரைக்கின்றன. கரைந்தது சற்றுத் தள்ளி வேறு கனிமமாகப் படிகிறது. ஸ்டீபன் ஜோசப்பும் உடனாய்வாளர்களும் 2010இலேயே இந்த வினைகளை விரிவாக எழுதினார்கள்.

நிக்கோலாஸ் ஹாகெமன் தலைமையிலான குழு 2017இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இன்னொரு படி முன்னே சென்றது. மக்கு உரத்தோடு சேர்த்து மக்கவைத்த கரியின் துளைகளுக்குள் கரிமப் பூச்சு ஒன்று உருவாகிறது. நீரையும் நைட்ரேட் போன்ற சத்தையும் பிடித்து வைக்க அந்தப் பூச்சே உதவுகிறது என்று அது காட்டியது. வெறும் கரியைவிட எருவோடு ஊறிய கரி நன்றாக வேலை செய்வதற்கு இதுவே விளக்கம். சாணமும் அடுப்புக்கரியும் ஒரே குப்பைக் குழியில் கொட்டப்பட்ட நாளில் இந்தப் பூச்சு தானாகவே உருவாகியிருக்கும்.

நம் மண்ணுக்கு என்ன பொருத்தம்?

தீபகற்ப மலேசியாவின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி மழையால் சத்துக் கரைந்துபோன, புளிப்புத்தன்மை மிகுந்த செம்மண். ரப்பரும் செம்பனையும் இந்த மண்ணில்தான் நிற்கின்றன. மண்ணின் பி.எச். அளவு 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வெளிவரும். அது வேர் நுனியைத் தாக்கி வேரைக் குட்டையாக, தடித்ததாக ஆக்கிவிடும். வேர் குட்டையானால் எவ்வளவு உரம் போட்டாலும் செடிக்கு எட்டாது. தோட்டங்களில் சுண்ணாம்புத் தூள் போடுவது இந்த அலுமினியத்தை அடக்கத்தான்.

பெரும்பாலான உயிர்க்கரி காரத்தன்மை உடையது. எனவே அது மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது. கரைந்த அலுமினியம் வேரைத் தாக்கும் முன்பே கனிமமாகிக் கரியின் மேல் ஒட்டிவிடுகிறது. சிலிக்கா மிகுந்த கரியாக இருந்தால் சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து தீங்கற்ற கூட்டுப்பொருளாகவும் மாறுகின்றன.

கடலோர வயல்களில் வேறொரு சிக்கல். கெடா, பெர்லிஸ், கிளந்தான் கடலோரங்களில் பழைய அலையாத்தி மண் உண்டு. அதற்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் புதைந்திருக்கிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாகிறது. அங்கே மண்ணைப் பிளந்து பார்த்தால் பழைய வேர் போன தடம் வழியே வெளிர்மஞ்சள் நிறக் கனிமம் படிந்திருக்கும். அதன் பெயர் ஜாரோசைட். வேர்த்தடத்தில் கனிமம் விளைவதை வெறுங்கண்ணாலேயே காட்டும் காட்சி இது. அந்த மஞ்சளைக் கண்டால் மண் கடும் புளிப்பு என்று பொருள். அத்தகைய இடத்தில் கரி மட்டும் போதாது. சுண்ணாம்பும் நீர் நிர்வாகமும் முதலில் வேண்டும்.

மூலப்பொருளுக்கு இந்நாட்டில் குறைவில்லை. ஆலைக்குப் போகும் செம்பனைக் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், தோட்டத்தில் தண்டான் கோசோங் என்று சொல்லப்படும் வெறுங்குலையாகத் திரும்புகிறது. அதில் பொட்டாசியம் அதிகம். செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் வெறுங்குலையைக் கரியாக்கும் ஆய்வில் பல ஆண்டுகளாக ஈடுபட்டுள்ளது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சீமைக்கருவேல மரத்தைக் கரியாக்கி மண்ணில் இட்டு ஆராய்ந்திருக்கிறது. வேண்டாத மரத்தையும் எறியும் குலையையும் மண்ணுக்குத் திருப்பித் தருவதே இரண்டு முயற்சிகளின் நோக்கமும்.

விளைச்சல் கூடுமா?

உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஒரு கட்டுரை, வெப்பமண்டல நாடுகளில் கரி இட்ட நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடியதாகவும், குளிர்நாடுகளில் சராசரியாக எந்த உயர்வும் இல்லை என்றும் கண்டது. குளிர்நாட்டு மண் ஏற்கெனவே வளமானது. நம் மண் புளிப்பும் சத்துக் குறைவும் உடையது. கரிக்குச் செய்ய வேலை இருக்கும் இடத்தில்தான் அது பலன் தருகிறது. சராசரி என்பது எல்லா வயலுக்கும் உறுதிமொழி அல்ல என்பதையும் மறக்கக்கூடாது.

2022இல் உர விலை உலகெங்கும் எகிறியபோது சிறுதோட்டக்காரர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். அத்தகைய நேரத்தில் உரமே தேவையில்லை, கரி போதும் என்று யாராவது விற்க வந்தால் எச்சரிக்கை வேண்டும். கரி உரத்துக்கு மாற்றல்ல. போட்ட உரத்தை மழையில் ஓடாமல் பிடித்து வைக்கும் துணை. விற்பனைத் தாளில் அழகான நுண்ணோக்கிப் படம் இருந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். கரி போடாத வேரின் படம் எங்கே? எத்தனை செடிகளில் பார்த்தீர்கள்? எந்த மண்ணில் செய்தீர்கள்? ஒரு படம் ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். அந்தப் புள்ளி வயல் முழுவதற்கும் சாட்சியாகிவிடாது.

வீட்டுத் தொட்டிக்குச் சில குறிப்புகள்

சுத்தமான மரக்கரி, சிரட்டைக்கரி, உமிக்கரி ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வண்ணம் பூசிய பலகை, நெகிழி கலந்த குப்பை ஆகியவற்றின் கரி நஞ்சு. கொழுப்பும் உப்பும் சொட்டிய சாத்தே அடுப்புக் கரியும் செடிக்கு ஆகாது.

கரியைச் சோள முத்து அளவுக்கும் சிறிதாக உடைத்து, மக்கு உரத்தோடு அல்லது எருக்கரைசலில் இரண்டு மூன்று வாரம் ஊறவைக்க வேண்டும். ஊறாத கரியை நேராக இட்டால் மண்ணிலுள்ள சத்தை அதுவே உறிஞ்சிக்கொண்டு செடியைச் சிலகாலம் வெளிற வைக்கலாம்.

தொட்டி மண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அளவு மிஞ்சினால் மண் காரமாகி, இரும்பும் மாங்கனீசும் வேருக்குக் கிடைக்காமல் போகும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுவே அறிகுறி.

திறந்த வெளியில் குப்பை எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் குற்றம். ஆகவே கரி செய்கிறோம் என்று வீட்டுப் பின்புறத்தில் தீ மூட்டக்கூடாது. சிறிய அளவுக்கு விற்பனையிலுள்ள உமிக்கரியே போதும்.

மூன்று மாதம் கழித்து ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி, வேரை நீரில் அலசி, கைப்பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். பக்கத்தில் கரி போடாத தொட்டிச் செடியின் வேரையும் வைத்துப் பார்க்க வேண்டும். வேர் வெள்ளையாக, கிளைவிட்டு, கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தால் கரி தன் வேலையைச் செய்கிறது. இரண்டு வேருக்கும் வேறுபாடே இல்லையென்றால் அந்த மண்ணுக்குக் கரி தேவைப்படவில்லை. அந்தக் காசை வேறு சத்துக்குச் செலவிடலாம்.